ஏலத்துக்கு வந்த முட்டைக்கோழி

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடுகிறவன் நான். பெயர் ஐசக். தொண்டை பெரிசு, வெட்கம் கம்மி என்று பார்த்து என்னை அந்த வேலைக்குப் பிடித்துப் போட்டார்கள். ஆராதனை முடிந்ததும் கோயிலுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பொருட்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, “ஒரு தரம்… எரடு சாரி… மூடோ சாரி…” என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்து கூவுவேன். ஓசூரில் இந்த மூன்றும் தெரியாதவன் ஒரு கூடை தக்காளிகூட விற்க முடியாது.

ஏலம் விடுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பது மறக்கவே மறக்காது. பூசணிக்காயின் அழுகின பக்கத்தைக் கீழே வைத்துக் கொடுப்பவர் யார், கல்யாண வீட்டில் வந்த தட்டைப் பெயர் வெட்டினபடியே கொண்டுவருபவர் யார், எல்லாம் எனக்குத் தெரியும். ஆண்டவர் பார்க்கிறார் என்று பயப்படாதவர்கள்கூட ஐசக் பார்க்கிறான் என்று கொஞ்சம் பயப்படுவார்கள்.

ஜெபமணி அண்ணன் மட்டும் பயப்பட மாட்டார். வருஷா வருஷம் அவர் காணிக்கை ஒரு கோழி. மஞ்சப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய, மனைவி பிள்ளைகளோடு ராஜா மாதிரி கொண்டுவருவார். பையைத் திறந்தால் ஒரு கால் விந்தும். இன்னொரு வருஷம் ஒற்றைக்கண். ஒரு தடவை வந்தது முட்டை போடுவதை நிறுத்தி வெகுகாலமான கிழம். நான் அதைத் தூக்கிப் பிடித்து, “ஜெபமணி அண்ணன் வீட்டு நொண்டிக் கோழி! ஓடிப்போகாது, தைரியமா எடுங்க!” என்பேன். கூட்டம் சிரிக்கும். அவரும் என் தோளில் தட்டிச் சிரிப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பவுண்டரியில் வேலை. வார்ப்பிரும்புச் சாமான்களில் பிசிறு தட்டும் செக்‌ஷன். “ரிஜெக்ட் ஆன பீஸைக் கம்பெனி வாங்காது, கோயில் வாங்கிக்கும், இல்லையாண்ணே?” என்று அங்கேயும் விடமாட்டேன்.

அவர் வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். ஓசூரில் ஃபேக்டரிகள் முளைத்த காலத்தில் ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கியவர். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தும் அவர் பேச்சில் அந்த ஊர் போகவில்லை. பாகலூர் ரோட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். பின்னால் கம்பிவலை அடித்துக் கோழி வளர்த்தார். மனைவி ரத்னபாய் அண்ணி, மகள் எஸ்லின், அவளுக்கு அடுத்தவன் ஸ்டெபின். இவ்வளவுதான் அவர் உலகம். அதிலும் உண்மையைச் சொன்னால், எஸ்லின்தான் உலகம். மற்றவர்கள் அதில் குடியிருந்தார்கள்.

எஸ்லின் படிப்பில் கெட்டி. டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்னால் கை தூக்குகிற ரகம். ஸ்டெபின் நல்ல பையன்தான், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வரும். பழைய சைக்கிளைக் கழற்றி மாட்டச் சொன்னால் சோறு மறந்து உட்கார்ந்திருப்பான். அந்த வீட்டில் தினமும் காலையில் ஒரு முட்டை அவியும். அது எஸ்லினுக்கு. கோழி இரண்டு போட்ட அன்றைக்கு மட்டும் ஸ்டெபினுக்கும் உண்டு. அவள் காலேஜுக்குப் போனபோதும் அண்ணன் முட்டையைத் தானே உரித்து, உப்பும் மிளகும் தூவி டிபன் பாக்ஸில் வைப்பார். ஷிப்ட் முடிந்து கண் எரிய வந்து நிற்கிற மனுஷன், அதை அவள் பையில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

இப்போது கன்வென்ஷன் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து ஒன்று, மே மாதம். எஸ்லின் பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். மைதானத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம். கடைசி நாள் பிரசங்கியார் தெற்கேயிருந்து வந்தவர். அழ வைப்பதில் மன்னன். முடிக்கும்போது, “பெற்றோரே, உங்கள் பிள்ளைகளில் ஒருவரையாவது முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்றார். முதலில் எழுந்தது ஜெபமணி அண்ணன். கைகளை மேலே தூக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றார். அப்புறம்தான் மற்றவர்கள் எழுந்தார்கள். நான் எழவில்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

திரும்பி வரும்போது டீக்கடையில் நிறுத்தினோம். “என்னாண்ணே, பொசுக்குனு எந்திரிச்சிட்டீங்க?” என்றேன்.

“ஏல, எனக்கென்ன கஷ்டம்? ஸ்டெபின் இருக்காம்லா. அவன் பத்து தாண்டுனா அதிசயம். பைபிள் காலேஜ்ல சேத்துவிட்டா நாலு பேரு ஐயான்னு கூப்பிடுவாவ. எஸ்லின் இன்ஜினியரு. ஆண்டவருக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு.”

இதைக் கேட்டு நான் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஜனங்களிடம் இது எழுதாத சட்டம். படிக்கிற பிள்ளை டாக்டர் இன்ஜினியர், படிப்பு ஏறாத பிள்ளை ஊழியம். எந்தப் பிள்ளை என்று மேடையிலிருந்து யாரும் கேட்பதில்லை, எழுந்தவரும் சொல்வதில்லை. பக்கத்தில் நின்ற எஸ்லினும் ஸ்டெபினும் டீயில் பன் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் சொன்னது அவர்கள் காதில் விழுந்ததா என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஸ்டெபின் பத்தைத் தாண்டவில்லை, பைபிள் காலேஜுக்கும் போகவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் ஒரு டூவீலர் மெக்கானிக்கிடம் சேர்ந்து கை நிறைய கிரீஸோடு சந்தோஷமாக இருந்தான். எஸ்லின் இன்ஜினியரிங் முடித்தாள். படிக்கும்போதே பெங்களூர் கம்பெனி ஒன்று காலேஜுக்கு வந்து அவளைப் பொறுக்கி எடுத்துவிட்டது. அண்ணன் பவுண்டரி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். காண்டீனில் பாத்திரம் கழுவுகிற வெங்கடம்மாளுக்குக்கூடத் தெலுங்கில் விளக்கிச் சொன்னார். அந்த ஒரு வாரம் மனுஷன் செருப்பு தரையில் படாமல் நடந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரம். போதகர், “நம் சபைக்கு ஒரு சந்தோஷச் செய்தி. நம்முடைய ஜெபமணி ஐயா அவர்களின் மகள் எஸ்லின்…” என்று ஆரம்பித்தார். எனக்கு முன் பெஞ்சில் இருந்த அண்ணன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். வேலை விஷயத்தைச் சொல்லி ஜெபம் பண்ணப் போகிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. நன்றி சொல்லத் தயாராகப் பாதி எழுந்தும் விட்டார். போதகர் தொடர்ந்தார். “…கம்பெனி வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஜார்க்கண்ட் மாநிலத்து மலைக் கிராமங்களில் மிஷனரியாக ஊழியம் செய்யத் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறாள். நம் சபையின் முதல் மிஷனரி!”

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. அண்ணன் பாதி எழுந்தபடியே நின்றார். உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி ரத்னபாய் அண்ணியைப் பார்த்தார். அண்ணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பின்னால் இருந்து ஒருவர் எட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “பாக்கியவான் ஐயா நீங்க!” என்றார். அந்தக் கையை அவர் யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் நடந்ததை அவரே மறுநாள் வேலையில் என்னிடம் சொன்னார். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னார்.

“உனக்குத் தெரியுமாட்டின்னு உங்க அண்ணிகிட்ட கேட்டேன். தெரியுங்கா. எப்பம் இருந்துன்னேன். மூணாம் வருஷத்துல இருந்துங்கா. பிள்ள சொல்லாதன்னு சொன்னாளாம். நான் தினமும் முட்டை உரிச்சு வச்சிக்கிட்டு இருந்திருக்கேன், இவளுவ ரெண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால உக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காளுவ. போதகருக்குத் தெரியும். வாலிபர் கூட்டத்துப் பிள்ளையளுக்குத் தெரியும். இந்த ஓசூர்ல தெரியாதவன் நான் ஒருத்தன்தான். ஏல, நான் என்ன எதிரியால? பெத்த அப்பன்கிட்ட மறைக்கிற காரியம் எப்படில சாமி காரியம் ஆவும்?”

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். காதல் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஓடுகிற பெண்ணையாவது ஊர் திட்டும், அப்பனுக்கு நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். இவள் ஆண்டவரோடு போகிறாள். ஆண்டவரை யார் திட்டுவது? அழுதால் ஆனந்தக் கண்ணீரா என்று கேட்கிறார்கள். வீடு தேடி வந்து வாழ்த்துகிறார்கள். பிள்ளையை இழந்தவன் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. பவுண்டரியில் ஒருவனுக்கு வர முடியாவிட்டால் இன்னொருவனை அனுப்பி ஷிப்ட் மாற்றிக்கொள்வோம். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் சூப்பர்வைசர் ஒன்றும் கேட்க மாட்டார். அண்ணன் ஸ்டெபினுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனார்.

“ஐயா, நான் அன்னைக்குக் கூட்டத்துல குடுத்தது இவனத்தான். அவளை இல்ல. என்னமோ தப்பு நடந்துபோச்சு. இவனை எடுத்துக்கிடுங்க.”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர்தான், அவரும் இதை எதிர்பார்க்கவில்லை. “ஐயா, ஊழியத்துக்கு அழைப்பு வேணுமே. தம்பி, உனக்கு ஆண்டவர் அழைப்பு இருக்காப்பா?”

ஸ்டெபின் நகத்தில் இருந்த கிரீஸைச் சுரண்டினான். “அழைப்பெல்லாம் வரலீங்க ஐயா. அப்பாதான் கூப்ட்டாரு. ஆனா நான் போறேன். அக்கா இங்க இருக்கட்டும். அப்பா சாப்பிடவே மாட்டேங்குறாரு.”

எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போதகரும் அவன் தலையைத் தடவினார். ஆனால் முடியாது என்றுவிட்டார். “ஆபிரகாம் தன் பிள்ளையைக் கொடுத்தாரே ஐயா, நீங்களும்…” என்று தொடங்கினார்.

“அவரு மகனை வெட்டப் போன கடைசி நேரத்துல பதிலுக்கு ஆட்டுக்கடா வந்துச்சுல்லா? நான் ஆட்டுக்கடாவை வீட்ல இருந்தே கூட்டிட்டு வந்திருக்கேன். நீங்க வேண்டாங்கியளே!” என்றார் அண்ணன். ஸ்டெபினே சிரித்துவிட்டான். போதகர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “ஒரு விஷயம் ஐயா. மிஷன்ல ஒரு முறை உண்டு. கல்யாணமாகாத பெண் பிள்ளைன்னா, தகப்பன் சபை நடுவுல கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து ஒப்புக்கொடுக்கணும். இல்லாட்டி அவங்க ஏத்துக்க மாட்டாங்க. அறுப்பின் பண்டிகை அன்னைக்கு வெச்சிருக்கோம்” என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த ஞாயிறுக்கப்புறம் முதல் தடவையாக முகத்தில் ஒரு தெளிச்சி. “அப்பம் நான் எந்திரிக்கலைன்னா அவ போக முடியாதுல்லா? ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்லா?”

“போதும்ண்ணே.”

ஆனாலும் மகள் மனசு மாறினால் நல்லது என்று என்னைத் தூது அனுப்பினார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். எஸ்லின் பின்னால் கோழிகளுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒன்றும் தெரியாதவர் போல வலைக் கம்பியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, வேலைக்குப் போய்க்கிட்டே ஊழியம் பண்ணா ஆண்டவர் வேண்டாம்னா சொல்லப்போறாரு?” என்றேன்.

“சித்தப்பா, அன்னிக்கு டீக்கடைல அப்பா உங்ககிட்ட சொன்னதக் கேட்டேன். ஸ்டெபினும் கேட்டான். வீட்டுக்கு வந்து போர்வைக்குள்ள படுத்து அழுதான். ‘அக்கா, நான் உதவாதவன்னுதான அப்பா என்னைக் குடுத்துட்டாரு’ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியல.” சோளத்தை வீசினாள். “வருஷா வருஷம் நொண்டிக் கோழி. நீங்க மேஜை மேல தூக்கிக் காட்டுவீங்க, எல்லாரும் சிரிப்பாங்க. நான் பொம்பளைங்க பக்கம் தலை குனிஞ்சு நிப்பேன். நல்லதை நமக்கு வெச்சுக்கிட்டு, நொண்டியை ஆண்டவருக்குக் குடுக்குற வீட்ல நான் நல்லதா இருந்துட்டேனே சித்தப்பா. அது எனக்குப் பொறுக்கல.”

நான் சொன்ன கிண்டலுக்கு இப்படி ஒரு வட்டி ஏறும் என்று யாருக்குத் தெரியும்? அண்ணன் கையில் இருந்த கம்பியைக் கீழே போட்டார். குரல் உயர்த்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“நொண்டிக் கோழியக் குடுத்தேன். சரி. நல்ல கோழி போட்ட முட்டையெல்லாம் யாரு தின்னா?”

எஸ்லின் கையில் மிச்சமிருந்த சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுளா. யாரு தின்னா? ஆண்டவருக்கு நல்ல கோழியக் குடுத்திருந்தா உனக்கு முட்டைக்கு எங்க போவேன்? உனக்காவத்தான அவர்கிட்ட ஏமாத்துனேன். அந்தப் பாவத்த எவ்வளவு வருஷமா சுமந்திருக்கேன் தெரியுமா? இப்பம் நீ அவரு பக்கம் போய் நின்னுக்கிட்டு என்னைக் கேள்வி கேக்க. நல்லா இருக்குட்டி உன் நியாயம்.”

அவள் முகம் கோணியது. அழப்போகிறாள், சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் அழுதாள். ஆனால் மாறவில்லை. இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அண்ணனோடு ஒரு ஷிப்ட் வேலை பார்த்தால் தெரியும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றது. அண்ணிக்கும் அவருக்கும் நடுவில் ஸ்டெபின்தான் தூதுவன். ஆனால் முட்டை மட்டும் நிற்கவில்லை. காலையில் எழுந்து அவித்து, உரித்து, உப்பு மிளகு தூவி மேஜையில் வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவார். அவள் தின்றாளா என்று நான் கேட்டபோது, “தட்டு காலியாத்தான் இருக்கு” என்றார். அதை வைத்துக்கொண்டு அவர் நம்பிக்கையாக இருந்தார்.

பண்டிகை ஞாயிறு வந்தது. கோயில் முழுக்க வாழை, கரும்பு, ராயக்கோட்டை தக்காளிக் கூடைகள். அண்ணன் கையிலும் ஒரு மூடின கூடை இருந்ததைப் பார்த்தேன். பலிபீடத்துப் பக்கத்தில் மற்றதோடு வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றிக்கொண்டார். வடக்கேயிருந்து மிஷன்காரர் ஒருவரும் வந்திருந்தார். பிரசங்கம் முடிந்து போதகர் அழைத்தார். “தகப்பனார் ஜெபமணி ஐயா, மகளை அழைத்து வாருங்கள்.”

அண்ணன் அசையவில்லை. எஸ்லின் முன்னால் வெள்ளைச் சேலையில் நின்றாள். போதகர் மறுபடி அழைத்தார். எல்லாத் தலைகளும் எங்கள் பெஞ்சுக்குத் திரும்பின. அன்றைக்குப் பந்தலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே எழுந்தவர், இன்றைக்குப் பெயர் சொல்லியும் எழவில்லை. யாரோ நிலைமையைச் சமாளிக்க ஒரு பாட்டை எடுத்தார்கள். நான் மனசுக்குள், உக்காருண்ணே, விடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலில் இருந்துகொண்டு அப்படி வேண்டியது நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

பாட்டு நடக்கும்போதே எஸ்லின் இறங்கி வந்தாள். ஆண்கள் பக்கம் பெண்கள் உட்கார மாட்டார்கள். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைமேல் கை வைத்தாள்.

“நீங்க எந்திரிக்கலன்னா நான் போகமாட்டேன்பா. சத்தியமா போகமாட்டேன். பெங்களூர்ல வேற வேலை தேடிக்கிறேன். ஆனா ஒண்ணு. இனிமே எனக்கு முட்டை அவிக்காதீங்க. என்னால அதை முழுங்க முடியலப்பா.”

இதற்குப் பெயர் கீழ்ப்படிதலா, மிரட்டலா? பக்கத்தில் இருந்த எனக்கே கையை ஓங்கிவிடலாமா என்று வந்தது. அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். “தட்டு காலியா இருந்துச்சே?” என்றார்.

“ஸ்டெபின் சாப்ட்டான்பா.”

அவர் எழுந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முன்னால் போய், எல்லோரும் கை வைத்து ஜெபித்தபோது அவரும் அவள் தலைமேல் கை வைத்தார். அனல் இறங்காத வார்ப்பைத் தொடுகிறவன் போல உடனே எடுத்துவிட்டார். ஆமென் சொன்னார்களே, அதில் அவர் குரல் இல்லை. கன்வென்ஷனில் கேட்டதைவிடப் பெரிய அல்லேலூயா எழுந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், “எல்லாரும் சேந்து என்னை எழுப்பிட்டாவ, ஐசக்கு” என்று மட்டும் சொன்னார்.

ஏலம் தொடங்கியது. வாழைத்தார் போனது, கரும்பு போனது. அடுத்து அவர் கூடை. மூடியைத் திறந்து கையை விட்டேன். செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை. கொண்டை ரத்தச் சிவப்பு, கையில் கனம் தாங்கவில்லை. வழக்கப்படி காலைப் பார்த்தேன், இரண்டும் நேர். கண்ணைப் பார்த்தேன், இரண்டும் பளிச்சென்று என்னையே பார்த்தன. அது அந்த வீட்டு முட்டைக்கோழி. தினமும் இடுகிற கோழி. “என்ன ஐசக் அண்ணே, எங்க நொண்டி?” என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது. நான் கோழியை இறக்காமல் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

“எஸ்லினுக்குப் பதிலா இருக்கட்டும்னு கொண்டுவந்தேன். இப்பம் முட்டை தின்னவும் ஆளில்ல. கூவுல” என்றார் அண்ணன்.

கூவினேன். நல்ல கோழி என்பதால் கை நிறைய எழுந்தது. பேக்கரிக்காரர் ஒருவர் விடாமல் ஏற்றினார். இரண்டு தரம் சொல்லிவிட்டேன். மூன்றாவது சொல்ல வாயைத் திறக்கும்போது அண்ணனே விலை கேட்டார்.

கொண்டுவந்தவரே திருப்பி எடுப்பது உண்டு, தப்பில்லை. பேக்கரிக்காரர் விளையாட்டு என்று நினைத்து ஏற்றினார். அண்ணன் ஏற்றினார். அவர் மறுபடி ஏற்ற, அண்ணன் இன்னும் ஏற்றினார். ஒரு கோழிக்கு யாரும் கேட்காத விலைக்குப் போனபோது சிரிப்பு நின்றது. பேக்கரிக்காரர் கையை இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் அண்ணன் தன் விலைமேல் தானே ஒருமுறை ஏற்றினார். சட்டைப்பையில் அவ்வளவு இல்லை. பவுண்டரியில் இருபது வருஷ சர்வீஸுக்குக் கொடுத்த வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். வேண்டாம்ண்ணே, அப்புறம் கொடுங்க என்றேன். கேட்கவில்லை. நான் மூன்று தரத்தையும் தமிழிலேயே சொல்லி முடித்தேன்.

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு நடந்தார். வாசலில் எஸ்லின் நின்றிருந்தாள். வாழ்த்துச் சொல்லக் காத்திருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். மறுநாள் அவளுக்கு ரயில்.

“அப்பா, இப்ப எதுக்குப்பா இதைத் திருப்பி எடுத்தீங்க?” என்றாள்.

அவர் நின்றார். கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். “ஆண்டவருக்குக் குடுத்தத ஏலத்துல திருப்பி எடுக்கலாம் மக்ளே. வாழைத்தாரை எடுக்கலாம், கோழிய எடுக்கலாம். உன்னைத்தான் ஏலம் விடல. விட்டிருந்தா இந்தக் கூட்டத்துல ஒருத்தனையும் விலை கேக்க விட்டிருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு பாகலூர் ரோட்டில் நடந்தார். பின்னாலேயே ஸ்டெபின் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடினான். அவர் ஏறவில்லை.